மூச்சில் தெரியும் உடல்: சென்னை அளவீடுகளும் மடு எழுப்பும் கேள்வியும்

ஓய்ந்து படுத்திருக்கும் ஒருவரின் உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்பதை அவரது மூச்சிலிருந்தே அறியலாம். அவர் ஒரு லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 4.8 கிலோகலோரி வெளிப்படும். 1790 அளவில் பரிஸில் லவோசியே தம் உதவியாளர் செகுவினின் சுவாசத்தை அளந்து இந்த வழியைத் தொடக்கினார். 1911இல் டக்ளஸ் வெளிமூச்சைப் பையொன்றில் சேர்த்துப் பகுப்பாய்வதை எளிதாக்கினார். பொஸ்டனில் பெனடிக்ற், ஹரிஸுடன் சேர்ந்து, 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து ஓய்வில் உடல் செலவிடும் சக்தியான அடிப்படை அனுசேப வீதத்துக்கு 1919இல் சமன்பாடுகள் வகுத்தார். அமெரிக்க உடல்களிலிருந்து பிறந்த அந்தச் சமன்பாடுகள் பிறரை மதிப்பிடும் அளவுகோலாகின. அப்படி மதிப்பிட்டதில் நேர்ந்த தவறு கருவியில் அன்று, இந்த அளவுகோலில்தான் நுழைந்தது என்பதே என் வாதம்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினோர் மேசன், பெனடிக்றுடன் இணைந்து தென்னிந்தியப் பெண்களை அளந்தார். 1931இல் வெளியான முடிவு: அவர்களின் வீதம் அமெரிக்க அளவைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. சீன, ஜப்பானிய மாணவிகளை ஆராய்ந்த 1925ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இனக்காரணி என்ற விளக்கம் பெனடிக்றின் பக்கத்திலிருந்து எழுந்திருந்தது. வெப்பமே காரணம் என்பாரும் உண்டு. ஆனால் வெப்பம் மிகுந்த யுக்காட்டானில் மாயா மக்களின் வீதம் அதே அளவுகோலுக்கு மேலே நின்றதை 1928இல் பெனடிக்றின் குழுவே காட்டியது. வெப்பத்துக்குச் சிறு பங்கு இருக்கலாம், முழு விளக்கம் அதில் இல்லை. இப்பெண்கள் மிகத் தளர்ந்து கிடந்ததால் குறைந்ததோ என்ற ஐயம் நியாயமானது. 1934இல் மேசனும் பெனடிக்றும் உறக்கத்தின்போதும் அளந்தார்கள். உறக்கத்தில் வீதம் மேலும் இறங்கியது. ஆகவே விழிப்பில் கண்ட குறைவை உறக்கத்தின் சாயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

விடை உடலின் ஆக்கத்தில் இருந்தது. ஒரே எடையுள்ள இருவரில் கொழுப்புக் கூடியவரிடம், ஒட்சிசனை மிகுதியாகச் செலவிடும் இழையம் குறைவு. எடையும் உயரமும் இதைக் காட்டா. பெங்களூரில் பணியாற்றிய சோயரெஸ், ஷெட்டி ஆகியோர் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் 1998இல் இந்திய, அவுஸ்திரேலியத் தரவுகளை ஒப்பிட்டார்கள். கொழுப்பற்ற உடற்திணிவையும் கொழுப்பையும் கணக்கில் எடுத்தபோது இன வேறுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்ட இனக்காரணி அங்கே வலுவிழந்தது.

இது ஆய்வுகூடத்தோடு முடியும் விடயமன்று. 1990இல் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகம், இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் போரால் இடம்பெயர்ந்தோருக்காக மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. இத்தகைய முகாம்களில் தலைக்கு இத்தனை கிலோகலோரி என்று உலர் உணவு கணிக்கப்படும்போது, அக்கணக்கின் அடித்தளம் அடிப்படை அனுசேப வீதம். இந்த வீதத்தை மதிப்பிட 1985இல் உலக அமைப்புகள் ஏற்ற ஸ்கோஃபீல்ட் சமன்பாடுகளின் தரவுக்காக அளக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலியர். அவை இந்தியரின் வீதத்தை மிகைப்படுத்துவதை ஷெட்டியின் குழு முன்னரே சுட்டியிருந்தது. அப்படியானால் நம்மவர்க்குப் பங்கீட்டைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். கூடாது. தசை மெலிந்ததால் வீதம் குறைந்தவருக்கு அந்தக் குறைந்த வீதத்துக்கேற்ப உணவளித்தால், மெலிவே நிலைத்துவிடும். பசியின் விளைவைத் தேவையின் அளவாகக் கொள்வது அறிவியலும் அல்ல, நீதியும் அல்ல.

மன்னார்க் கரையின் மீனவர், கமக்காரர், கர்ப்பிணிகள் ஆகியோரின் மூச்சையும் உடலாக்கத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் சேர்த்து அளக்க வேண்டும். அந்த அளவுகளைக் கையில் வைத்தே இம்மக்களின் உணவுத் தேவை கணிக்கப்பட வேண்டும்.