கயிற்றில் ஒட்டிய மணலும் வானத்துக் கணக்கும்

திருவொற்றியூர் பக்கம் கடற்கரை என்றால் பல இடங்களில் கருங்கல்தான், மணல் குறைவு. 1870-களில் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே கடல் அரித்தது. அதனாலோ என்னவோ, மணலைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடாமல் படிக்கிறேன். பி.காம். பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்குப் பாடத்தில்தான் வந்து நிற்கப் போகிறேன் :-)

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. அந்தக் காலத்து காஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்துதான் கிடைக்கும். கொஞ்ச நாளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. கயிற்றுக்கு மட்டும் பில் போட்டவர்களுக்கு மணலின் விலை தெரிந்திருக்காது!

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1949-ல் டி.என். வாடியா தலைமையில் அரிய கனிமங்களைத் தேடும் பிரிவு ஒன்று உருவானது. இன்றைய அணுக் கனிம இயக்ககத்தின் ஆரம்பம் அதுதான். 1950-களின் நடுவில் அவர்கள் விமானத்திலிருந்தும் தேட ஆரம்பித்தார்கள். முதலில் வந்த கருவிகள் மொத்தக் கதிர்வீச்சை மட்டும் எண்ணின. பிறகு வந்த நிறமாலைமானிகள் காமா கதிரின் ஆற்றலை வைத்துப் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றையும் பிரித்துக் காட்டின.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. விமானம் கொண்டுவரும் எண் வெறும் மொத்த வரவு. அதிலிருந்து விண்வெளிக் கதிர், விமானத்தின் சொந்தக் கதிர்வீச்சு, காற்றில் உள்ள ரேடான் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். உயரத்துக்கும் திருத்தம் உண்டு. சுமார் 100 மீட்டர் மேலே போனால் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முக்கியமான கழிவு இன்னொன்று. தோரியத்தின் 2.62 மெகா எலக்ட்ரான் வோல்ட் கதிர்களில் சில, வழியில் ஆற்றலை இழந்து யுரேனியத்தின் 1.76 கணக்கில் போய் விழும். ஒருவருடைய வரவு இன்னொருவர் பேரேட்டில் ஏறுகிற மாதிரி. மணவாளக்குறிச்சி மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8, 9 சதம். யுரேனியம் அரை சதம்கூட இல்லை. இந்தத் தவறான பதிவைத் திருத்தாவிட்டால் அங்கே யுரேனியம் கொட்டிக் கிடப்பதாக வரைபடம் சொல்லும். அதை நம்பித் துளை போட்டால் செலவு யார் தலையில்?

இத்தனையும் முடிந்த பிறகு பொட்டாசியத்துக்குச் சிவப்பு, தோரியத்துக்குப் பச்சை, யுரேனியத்துக்கு நீலம் கொடுத்து ஒரே வரைபடமாக்குகிறார்கள். அதில் தெரிவதும் மேல் மண் அரை மீட்டருக்குள் இருப்பது மட்டும்தான். அதற்குக் கீழே உள்ள பாறையைப் புவியியலாளர் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

மொத்த வரவைப் பார்த்து யாரும் லாபம் என்று சொல்லிவிடலாம். எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று கேட்பவன்தான் கணக்கன். மணல் போன கரையில் வளர்ந்தவனுக்கு இது புத்தகம் திறக்காமலே புரிகிறது.