மடியைப் பார்த்துக் கடன் கொடுத்த கதை

பி.காம். படித்தவருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டம்மாவே கேட்பார். குஜராத்துக்கு மாற்றலாகி, ஆனந்த் பக்கம் ஒரு கிராமக் கிளையில் வந்து உட்கார்ந்தால் தெரிந்துதான் ஆக வேண்டும்.

2009இல் கணவரை இழந்த ஒரு அம்மா கறவை மாட்டுக்குக் கடன் கேட்டார். மாடு பார்க்க நானும் போனேன். தரகர் காட்டிய கலப்பின மாடு லட்சணமாக இருந்தது. பெரிய மடி, வயிற்றடியில் புடைத்த பால் நரம்பு, சன்னமான வால். எங்கள் தாத்தா சொன்ன அடையாளம் அத்தனையும்! கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த மாடு சொன்னதில் பாதிதான் கறந்தது. முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டு மடியை நிரப்பியிருக்கிறார்கள். தவணை மட்டும் அந்த அம்மா தலையில் விடிந்தது.

உறுத்தலில் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் போல ஏமாந்தவர்களுக்குப் பெரிய வரலாறே இருக்கிறது :-)

பிரான்சில் போர்தோ நகருக்குப் பக்கத்தில் லிபூர்ன் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் பிரான்சுவா கெனோன் 1838இல் ஒரு புத்தகம் போட்டார். மாட்டின் பின்பக்கம், மடியிலிருந்து மேலே, ரோமம் மேல்நோக்கி வளர்ந்திருக்கும் பகுதிக்குக் 'கேடயம்' என்று பெயர் வைத்தார். கேடயம் அகலமானால் பால் அதிகம் என்பது அவர் கணக்கு. நம்மூரில் சுழி பார்த்து மாடு வாங்குவது மாதிரிதான். புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. பல பத்தாண்டுகள் விவசாயிகள் மாட்டின் பின்னால் நின்று ரோமத்தை அளந்தார்கள்.

ஏன் நம்பினார்கள்? ஒவ்வொரு மாட்டின் பாலையும் தினமும் எடை போட்டு எழுதி வைக்கும் வழக்கம் பரவாத காலம் அது. நோட்டு இல்லாத இடத்தில் நோட்டம்தான் ராஜா.

1890இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக், பாலின் கொழுப்பை எளிதாக அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை கூட வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1895இல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் ஆள் பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து பதிவு செய்வார். ஒரு வகையில் நம் ஆடிட்டர்!

பதிவேடு வந்ததும் கேடயம் உடைந்தது. 1920களில் ஜான் கோவன் போன்றவர்கள் உடல் அளவுகளையும் பால் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடலமைப்புக்கும் பாலுக்கும் உறவு உண்டு, ஆனால் மெலிந்த உறவு. மாட்டின் போன ஈத்துக் கணக்கு அதைவிட நன்றாக ஆரூடம் சொன்னது.

அப்படியானால் உடலமைப்பு வீணா? இல்லை. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சங்கம் 1922இல் லட்சிய மாட்டுக்கு ஒரு மாதிரி உருவமே செய்தது. 1929 முதல் மாடுகளின் அமைப்புக்கு மதிப்பெண் போடுகிறது. பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் மடி தொங்கிவிடும், மடிநோய் வரும். மடி உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருந்தால், கால் குளம்பு நன்றாக இருந்தால், மாடு பல ஈத்து தாங்கும். எவ்வளவு கறக்கும் என்பதைப் பதிவேடு சொல்லும், எத்தனை வருடம் கறக்கும் என்பதை உடம்பு ஓரளவு சொல்லும். எங்கள் பாஷையில் ஒன்று வருமானம், இன்னொன்று சொத்தின் ஆயுள்.

1946இல் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கிய மண் இது. இங்கே சங்கத்தில் அளந்த பாலுக்கும் கொழுப்புக்கும்தான் காசு, அழகுக்கு இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டே நான் மடியைப் பார்த்து ஏமாந்தேன் பாருங்கள்!

அதற்குப் பிறகு, தொடர்ந்து மூன்று வேளை என் முன்னால் கறக்காமல் எந்த மாட்டுக்கும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்த அம்மா கூடுதலாக இரண்டு வருடம் எடுத்துக் கடனைக் கட்டி முடித்தார். இரண்டாவது மாட்டை வங்கிக்கு வராமல் அவரே வாங்கினார். விற்றவர் வீட்டுத் திண்ணையில் ஒரு ராத்திரி தங்கி, தன் பாத்திரத்திலேயே மூன்று வேளையும் அளந்தாராம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, பார்க்கச் சுமாரான மாடு. இன்னும் நன்றாகக் கறக்கிறது என்று போன் செய்து சொன்னபோது, எனக்குத்தான் கொஞ்சம் பாரம் குறைந்தது.