தலைக்காட்டு மணலும் தமிழ்க் கல்லெழுத்தும்

மைசூருக்கு வரும் நம்மவர்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனத்தையும் கண்டு களித்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். இந்நகரிலேயே பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன்பர்களுங்கூட, விருந்தினர் வந்தால் இம்மூன்றையுமே காட்டி அனுப்பிவிடுகின்றனர். இவை காணத்தக்கவையே, மறுப்பாரில்லை. ஆயினும், ஒரே நாள் பயணத்தில் சென்று மீளக்கூடிய வேறு சில இடங்களும் உண்டு. அவற்றுள் நம் முன்னோரின் சுவடு பதிந்தவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

புறப்படுமுன் நகருக்குள்ளேயே காணவேண்டிய இடம் ஒன்று. 1887-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாரின் பொன்விழா நினைவாக எழுப்பப்பெற்ற கட்டடத்தில், 1891-இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகம் வளர்ந்து இன்று ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த காலத்தில், கிரந்த எழுத்தில் அமைந்த அதன் ஓலைச்சுவடி இந்நூலகத்திற்கு வந்து சேர்ந்தது. அதனைக் கொணர்ந்து ஒப்படைத்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர். 1905-இல் நூலகர் ஆர். சாமசாஸ்திரி அதன் அருமையை உணர்ந்தார். 1909-இல் மூலநூலை அச்சேற்றினார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டார். சாமசாஸ்திரியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. சுவடியைத் தந்த தஞ்சைப் பண்டிதரை இன்று யார் நினைக்கிறார்கள்?

இனிச் சாலைக்கு வருவோம். மைசூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், கபினியும் காவிரியும் கூடும் திருமகூடலு நரசிபுரம். கூடுதுறையில் சற்றே இளைப்பாறி, மேலும் 15 கிலோமீட்டர் அளவு சென்றால் தலைக்காடு. காவிரி வளைந்து திரும்பும் இடத்தில், அதன் கரையிலேயே, பாலைவனத்திலிருந்து வாரிக் கொட்டியது போன்ற மணல்மேடுகள் கிடக்கின்றன. நீர் நிறைந்த ஆற்றங்கரையில் இத்துணை மணல் எங்ஙனம் வந்தது என்று வியவாதவர் இலர்.

மக்கள் சொல்லும் விடை ஒரு சாபக் கதை. 1610-ஆம் ஆண்டு மைசூர் மன்னர் ராஜ உடையார், விஜயநகரப் பிரதிநிதியான திருமலைராயரிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டார். பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா தம் நகைகளுடன் விலகி வந்தார். அந்நகைகளைக் கேட்டு மன்னரின் ஆட்கள் தொடர்ந்தபோது, தலைக்காடு மணலாகுக, மாலங்கி மடுவாகுக, மைசூர் மன்னர்க்கு மக்கட்பேறு இல்லாது போகுக என்று சபித்து அவர் காவிரியில் குதித்தாராம். ஆராய்ச்சியாளர் கூறும் காரணம் வேறு. விஜயநகர ஆட்சிக் காலத்தில், தலைக்காட்டுக்கு மேலே மாதவ மந்திரி பெயரால் வழங்கும் அணைக்கட்டு எழுந்தது. அதனால் ஆற்றின் ஓட்டம் குறைந்து மணற்படுகை வெளிப்பட, தென்மேற்குக் காற்று அம்மணலை ஆண்டுதோறும் வாரி ஊரின்மேல் போட்டது. இவ்விளக்கமே பொருந்துவது என்பது என் கருத்து. எனினும், நாடிழந்த பெண்ணொருத்தியின் துயரத்தை மக்கள் நானூறு ஆண்டுகளாக மறவாதிருப்பதை வெறுங்கதை என்று தள்ளவும் மனம் வரவில்லை.

மணலுக்கு முந்திய வரலாறுதான் நமக்கு நெருக்கமானது. கங்க மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசன் காலத்தில், சோழர் வென்றனர். கங்க நாடு முடிகொண்ட சோழமண்டலம் ஆயிற்று. ஊர், தலைக்காடான இராசராசபுரம் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெயர் வழங்கியது. பின்னர் 1116-ஆம் ஆண்டளவில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன், சோழரின் சார்பில் காத்துநின்ற அதியமானை வென்று நகரைக் கைப்பற்றினான். மன்னன் ‘தலகாடுகொண்ட’ என்ற விருதைப் பூண்டு, அதனைப் பொற்காசிலும் பொறித்தான். வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலையும் எடுப்பித்தான். தோற்றவர் நம்மவர் என்று வருந்துவதற்கு ஏதுமில்லை. வென்ற ஹொய்சளர் ஆட்சியிலும் இப்பகுதியில் தமிழ்ச் சாசனங்கள் பொறிக்கப்பட்டன. கல்தச்சர் கையில் இரு மொழிகளும் வாழ்ந்தன. இவ்வட்டாரத்தின் கன்னட, தமிழ்ச் சாசனங்களை பி. எல். ரைஸ் படியெடுத்து, 1894-இல் வெளிவந்த கர்நாடக சாசனத் தொகுதியில் சேர்த்தார்.

வைத்தியேசுவரர் கோயிலில் நின்று கல்லெழுத்துகளைப் பாருங்கள். கன்னடத்தோடு தமிழும் தென்படும். பாதாளேசுவரர், மருளேசுவரர் சந்நிதிகளுக்கு மணலுக்குள் படியிறங்கித்தான் செல்லவேண்டும். வெறுங்காலோடு நடப்பவர்கள் உச்சிவெயிலைத் தவிர்ப்பது நலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கார்த்திகை மாதத்தில் நாளும் கோளும் கூடும்போது, இங்கே பஞ்சலிங்க தரிசனம் நடைபெறும். 2009, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. அமைதியை விரும்புவோர் அந்நாட்களில் வாராதிருப்பதே மேல்.

திரும்பும் வழியில் சோமநாதபுரத்தைக் காணலாம். 2023-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் இதனைத் தெரியாத இடமென்று கூற இயலாது. ஆதலால் சுருங்கச் சொல்கிறேன். 1258-இல் தண்டநாயகன் சோமநாதன் இக்கேசவர் கோயிலை எடுப்பித்தபோது ஆண்டவன் மூன்றாம் நரசிம்மன். அவன் தந்தை சோமேசுவரன், திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் அரசு வீற்றிருந்தவன். கோயிலின் வெளிச்சுவரைச் சுற்றி வருங்கால், சிற்பங்களின் அடியை நோக்குங்கள். மல்லிதம்மன் என்னும் சிற்பி தன் பெயரைப் பல இடங்களில் பொறித்து வைத்திருக்கிறான்.