வெம்பிளி வெற்றியும் ஹங்கேரிய மக்களின் நினைவும்

ஹங்கேரியரிடையே "ஆறுக்கு மூன்று" என்று ஒருவர் கூறின், எந்த ஆட்டம், எந்த ஆண்டு என்ற வினா எழுவதில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆந் திகதி இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் அந்நாட்டு உதைபந்தாட்டக் குழு இங்கிலாந்துக் குழுவை வென்ற கோற்கணக்கு அது. புடாபெஸ்ற் நகரில் மதுச்சாலையொன்று அவ்வெண்களையே தன் பெயராகக் கொண்டிருந்தது. விளையாட்டு வரலாற்றாசிரியர் இவ்வெற்றியை ஆட்டமுறையில் நேர்ந்த பெரியதொரு மாற்றமாக விரித்துரைப்பர். அது பொருத்தமே. ஆயினும், அவ்வெற்றியைத் தமதெனக் கொண்டாடிய மக்கள் அதனைக் கண்ணாற் கண்டாரல்லர் என்பதும் கருதத்தக்கது. அன்று அரங்கை நிறைத்த ஏறத்தாழ 105,000 பேரில் மிகப் பெரும்பாலார் ஆங்கிலேயர். அரசின் அனுமதியின்றி நாட்டெல்லையைக் கடத்தல் அக்கால ஹங்கேரியருக்கு இயலாதது. அவ்வனுமதி பெற்றோர் மிகச் சிலர். ஏனையோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். தாம் காணாத வெற்றியை ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு தன் உடைமையாக்கிக் கொண்டது என்பதும், அதனை அரசினர் தமதாக்க முயன்றபோது நேர்ந்தது யாது என்பதும் ஆராயத்தக்கன.

உதைபந்தாட்டத்துக்கு 1863இல் சட்டம் வகுத்த நாடு இங்கிலாந்து. அந்நாடு தன் மண்ணில் ஒருபோதும் தோற்றதில்லை என்றும், அப்பெருமையை ஹங்கேரியரே முதன்முதல் அழித்தனர் என்றும் பலர் எழுதுவர். அது பிழை. 1949இல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் அயர்லாந்துக் குழு இங்கிலாந்தை இரண்டு கோல்களால் வென்றிருந்தது. ஐரோப்பாக் கண்டத்துக் குழு எதுவும் ஆங்கில மண்ணில் இங்கிலாந்தை வென்றதில்லை என்பதே சரியான கூற்று. அத்துணைப் பெருமையே போதுமானதாயிருந்தது. ஹங்கேரிய இரசிகரின் அச்சத்துக்கும் ஆவலுக்கும் வேறு காரணம் வேண்டியதில்லை.

ஹங்கேரிக் குழு 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே தங்கப் பதக்கம் பெற்றது. 1950 மே மாதத்தின் பின் அது தோல்வி கண்டதில்லை. எனினும் இலண்டன் ஆட்டத்துக்குப் பத்து நாட்களின் முன்னர், புடாபெஸ்ற்றில் சுவீடனுடன் இரண்டுக்கு இரண்டாகச் சமநிலையில் முடிந்த ஆட்டம் இரசிகரின் உள்ளத்தைக் கலக்கிற்று. பயிற்சிப் பொறுப்பாளராகிய குஸ்தாவ் ஷெபெஷ் விளையாட்டுத் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தவர். அவர் ஒக்ரோபர் மாதம் வெம்பிளியில் இங்கிலாந்தும் ஐரோப்பியத் தெரிவுக் குழுவும் ஆடியதை நேரிற் பார்த்து, ஆடுகளத்தின் அளவைக் குறித்துக் கொண்டு வந்தார். அதே அளவிலான களத்தில், இங்கிலாந்திலிருந்து பெற்ற பாரமான பந்துகளைக் கொண்டு வீரர் பயின்றனர். வழியில் பாரிஸ் நகரில், தாம் முன்னொரு காலத்தில் தொழிலாளியாயிருந்த ரெனோ தொழிற்சாலையின் குழுவோடு ஆடச் செய்து அவர்களுடைய நம்பிக்கையையும் ஷெபெஷ் மீட்டுக் கொடுத்தார்.

ஆட்டத்தை நீள வருணித்தல் வேண்டியதில்லை. முதல் நிமிடத்திலேயே நாண்டோர் ஹிடெக்குட்டி கோலடித்தார். ஒன்பதாம் இலக்கச் சட்டை அணிந்த மைய முன்வீரராகிய அவர் எதிரியின் கோலருகே நில்லாது பின்னே தங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து முன்னே செல்வதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் மையக் காப்பாளர் ஹரி ஜோன்ஸ்ரன் ஆட்டம் முடியும்வரை அறியாது தவித்தார். அரைமணி நேரத்துக்குள் ஹங்கேரியரின் கோல்கள் நான்காயின. அவற்றுள் மூன்றாவது, தலைவர் பெரென்ஸ் புஷ்காஷ் தம் பாதத்தின் அடியாற் பந்தைப் பின்னுக்கு இழுத்து, பாய்ந்து வந்த ஆங்கிலத் தலைவர் பில்லி ரைற்றை வெறுந்தரையிற் சறுக்கவிட்டு அடித்தது. இடைவேளையின் பின் போஷிக் ஒரு கோலும் ஹிடெக்குட்டி தமது மூன்றாவது கோலும் அடித்தனர். இங்கிலாந்தின் மூன்றாவது கோலைத் தண்ட உதையால் அடித்த அல்ப் ராம்சிக்கு அதுவே இறுதிச் சர்வதேச ஆட்டமாயிற்று. 1966இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்துக் குழுவின் பயிற்சியாளர் அவரே.

இனிக் கேட்டோரை நோக்குவோம். ஆட்டம் இலண்டன் நேரப்படி பிற்பகல் இரண்டேகால் மணிக்குத் தொடங்கியது. புடாபெஸ்ற்றில் அப்போது மூன்றேகால் மணி. அது ஒரு புதன்கிழமை, வேலைநாள். வானொலி அரசின் வானொலி. அதில் ஒலித்த குரல் கியோர்கி செப்பெஷியின் குரல். அவரைக் குழுவின் பன்னிரண்டாம் வீரர் என்றே மக்கள் அழைத்தனர். ஐயத்துடன் கேட்கப் பழகிய ஒரு வானொலியில், ஐயமின்றி நம்பத்தக்க செய்தி அன்று வந்தது. கோற்கணக்கைத் திரித்துக் கூற எவராலும் முடியாது. அன்றைய நிலையை அறியாதார்க்கு இதன் அருமை விளங்காது.

இராக்கோஷியின் ஆட்சியில் 1951இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புடாபெஸ்ற்றிலிருந்து நாட்டுப்புறங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. ரெச்க் என்னும் கற்சுரங்கத் தடுப்பு முகாம் இவ்வாட்டம் நடந்த 1953ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. ஸ்ராலினின் மறைவின் பின், அவ்வாண்டு யூலை மாதம் இம்ரே நாகி பிரதமராகியமையால் மக்கள் சிறிது மூச்சுவிடத் தொடங்கியிருந்தனர். உதைபந்தாட்டமும் அரசின் கைக்கு அப்பாற்பட்டதாயிருக்கவில்லை. புஷ்காஷும் போஷிக்கும் சிறுவர்களாய் அயல்வீடுகளில் வளர்ந்த கிஷ்பெஷ்ற் கழகம் 1949இல் ஹொன்வேத் என்னும் இராணுவக் கழகமாயிற்று. பெருந்தொகையான இரசிகரைக் கொண்ட பெரென்ஸ்வாரோஷ் கழகம் தன் பழைய பெயரையே இழந்தது. அதன் சிறந்த வீரராகிய கொச்சிஷும் சிபோரும் ஹொன்வேத்துக்குச் சென்றனர். தம் கழகத்தின் பெயரையும் வீரரையும் பறிகொடுத்த அவ்விரசிகரே, அதே கொச்சிஷின் பெயர் வானொலியில் ஒலித்தபோது துள்ளி எழுந்தனர். உய்பெஷ்ற் கழகத்துப் பின்காப்பாளரும் நாட்டுக் குழுவில் ஆடியவருமான ஷாண்டோர் சூச் எல்லையைக் கடந்து தப்ப முயன்று பிடிபட்டு, 1951 யூன் மாதம் தூக்கிலிடப்பட்டார். வெம்பிளியில் ஆடிய பதினொருவருள் இதனை அறியாதார் ஒருவருமிலர்.

வென்ற குழு இரயிலில் நாடு திரும்பியபோது கெலெற்றி நிலையத்திற் பெருங்கூட்டம் திரண்டது. அரசினர் இதனைப் புதிய சமுதாய அமைப்பின் வெற்றியெனப் பறைசாற்றினர். தம் குழுவின் ஆட்டம் சோசலிச உதைபந்தாட்டம் என ஷெபெஷும் கூறி வந்தார். இக்கூற்றில் உண்மை முற்றுமில்லை எனத் தள்ளிவிடல் நேர்மையாகாது. வீரரை ஒரு சில கழகங்களிற் சேர்த்துப் பல்லாண்டு ஒருமித்துப் பயிற்றியது அரசின் ஏற்பாடே. அவ்வசதி இங்கிலாந்துக்கு இருக்கவில்லை. ஆனால் அவ்வாட்டத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் எதிரிநாட்டவரென வியன்னாவிற் கைதாகிப் பின் புடாபெஸ்ற்றின் எம்.ரி.கே. கழகத்திற் பயிற்சியளித்த ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயரே தமக்கு ஆசான் என ஹங்கேரியர் வெளிப்படையாகக் கூறினர். தாயகத்தில் உரிய மதிப்புப் பெறாத ஹோகன், அன்று வெம்பிளி அரங்கில் இளம் வீரர் சிலருடன் அமர்ந்து இவ்வாட்டத்தைக் கண்டார். ஹிடெக்குட்டியின் பின்தங்கிய நிலையும் எம்.ரி.கே.யின் பயிற்சியாளர் மார்ற்றன் புக்கோவி வளர்த்த முறையே. வெற்றிக்கு உரிமை கொண்டாடுவோர் பலராயிருத்தல் இயல்பு. ஆங்கிலேயர் தாமே விதைத்த வித்தால் தோற்றனர் என்பது மட்டும் அவ்வுரிமைக் கூற்றுகளில் இடம்பெறாது போயிற்று.

1954 மே மாதம் புடாபெஸ்ற்றில் நடந்த மறு ஆட்டத்தில் ஹங்கேரி ஏழுக்கு ஒன்றாக வென்றது. கோற்கணக்கிற் பெரியது இதுவே; மக்கள் தம் கண்ணாற் கண்டதும் இதுவே. ஆயினும் நினைவில் நிலைத்தது தொலைவில் நிகழ்ந்து காதுக்கு மட்டும் எட்டிய ஆறுக்கு மூன்றேயாம். தம் வீட்டு முற்றத்தில் வெல்வதை எவரும் எதிர்பார்ப்பர். கண்டத்துக் குழு எதுவும் வென்றிராத இடத்துக்கு, தாம் போக முடியாத இடத்துக்குத் தம்மவர் பதினொருவர் சென்று வென்றமை வேறொரு சுவையுடையது.

அவ்வாண்டு யூலை 4ஆந் திகதி பேர்ண் நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனி ஹங்கேரியை மூன்றுக்கு இரண்டாக வென்றது. வெற்றி அரசினுடையதாயின் தோல்வியும் அரசினுடையதன்றோ? புடாபெஸ்ற் வீதிகளில் மக்கள் திரண்டு ஆரவாரஞ் செய்தனர். ஆட்டத்தின் தோல்வியால் எழுந்த சினம் ஆட்சியாளரை நோக்கித் திரும்பியது. 1956இன் எழுச்சிக்கு முன்னோடியாக இதனைக் காண்போர் உளர். இவ்விரண்டையும் நேர்க்கோட்டில் இணைத்தல் மிகை. ஆனால் கூட்டமாக வீதியில் நின்று உரத்துப் பேசும் துணிவை மக்கள் அன்று பெற்றனர் என்பதை மறுத்தல் அரிது. பந்துகாப்பாளர் குரோசிச் உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின்னர் தத்தபான்யா என்னும் சுரங்க ஊர்க் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஷெபெஷ் 1956இற் பதவி இழந்தார். அவ்வாண்டு ஒக்ரோபர் 23ஆந் திகதி எழுச்சியின் முதல் வேட்டுகள் ஒலித்தது வானொலி நிலையத்தின் முன்னரே.

எழுச்சி நசுக்கப்பட்டபோது ஹொன்வேத் குழு வெளிநாட்டில் இருந்தது. புஷ்காஷ், கொச்சிஷ், சிபோர் ஆகிய மூவரும் திரும்பவில்லை. முன்னவர் ரியல் மட்ரிட்டிலும் ஏனையிருவர் பார்சிலோனாவிலும் புகழ்பெற்றனர். போஷிக் தாயகம் மீண்டார். இவ்வாறு வெம்பிளிக் குழு இரு கூறாயிற்று. திரும்பி வாராதவரைப் புகழ்வது அரசுக்கு உகந்ததன்று. அவர்களை நீக்கிவிட்டு வெம்பிளியைப் பேசவும் இயலாது. அரசினர் தம்முடையதெனக் கொண்டாடிய வெற்றி அவர்களுக்கே பாரமாயிற்று. இரசிகரோ அதனை வீடுகளிலும் மதுச்சாலைகளிலும் பேசிப் பேணினர். புஷ்காஷ் மீண்டும் தாயகத்தைக் கண்டது 1981இல்.

பிற்காலத்தவர் இந்நினைவை எங்ஙனம் நோக்கினர் என்பதற்கு 1999இல் வெளிவந்த பீற்றர் தீமாரின் திரைப்படம் ஒரு சான்று. குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவன் 1953 நவம்பர் 25ஆந் திகதிக்கே திரும்பிச் சென்று, முடிவை முன்னரே அறிந்தவனாய் அன்றைய புடாபெஸ்ற் மக்களிடையே உலவுகிறான். நகைச்சுவைப் படமே எனினும், ஆட்டத்தைக் காட்டாது கேட்போரைக் காட்ட முனைந்த அதன் நோக்கு நுட்பமானது. 2002இல் புடாபெஸ்ற்றின் மக்கள் அரங்கத்துக்குப் புஷ்காஷின் பெயர் இடப்பட்டது. 2006இல் அவர் மறைந்தபோது புனித ஸ்ரீவன் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். பதினொருவருள் இறுதியாக வாழ்ந்த புசான்ஸ்கி 2015இலும், வானொலிக் குரலாகிய செப்பெஷி 2018இலும் மறைந்தனர்.

2022 யூன் 14ஆந் திகதி இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ரன் நகரிலுள்ள மொலினூ அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை நான்கு கோல்களால் வென்றது. 1953இன் பின் ஆங்கில மண்ணில் அந்நாடு இங்கிலாந்தை வென்றது அதுவே முதன்முறை. இங்கிலாந்து தன் மண்ணில் நான்கு கோல் வேறுபாட்டில் தோற்றது 1928இல் ஸ்கொத்லாந்திடம் தோற்றதன் பின் முதன்முறை. இம்முறை ஹங்கேரிய இரசிகர் அரங்கின் ஒரு புறத்தில் இருந்து தம் கண்ணாற் கண்டனர். அவர்கள் பேசியது வெம்பிளியைப் பற்றி. ஆனால் அவர்கள் நின்ற மொலினூ அரங்குக்கும் ஒரு பழங்கணக்கு உண்டு. 1954 டிசம்பர் மாதம், சேறாகிய அக்களத்தில் மின்னொளியின் கீழ், புஷ்காஷின் ஹொன்வேத் குழு இரண்டு கோல்கள் முன்னணியில் நின்று, பின் வுல்வர்ஹம்ரன் கழகத்திடம் மூன்றுக்கு இரண்டாகத் தோற்றது. வெம்பிளிக்கு மாற்றுக் கிடைத்ததென ஆங்கிலப் பத்திரிகைகள் அன்று மகிழ்ந்தன.