ஒரு பவுண்டுக்கு நான்கு சுற்று

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் யார் வேண்டுமானாலும் பந்தய கார் ஓட்டிப் பார்க்கலாம், சுற்றுக்கு ஐந்து ஷில்லிங் என்று ஒரு கிளப் விளம்பரம் செய்திருந்தது. பவுண்டுக்கு இருபது ஷில்லிங் இருந்த காலம் அது. கிரஹாம் ஹில் ஒரு பவுண்டைக் கொடுத்து நான்கு சுற்று ஓட்டினார். ஓட்டுநர் உரிமமே அவர் இருபத்து நான்கு வயதில்தான் வாங்கியிருந்தார். அவர் பிறந்த அதே 1929-இல் பிறந்தவர் ஸ்டர்லிங் மாஸ். 1955-இல் மாஸ் மெர்சிடிஸ் காரில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஜெயித்தபோது, ஹில் லண்டனில் ஒரு சின்னப் பட்டறையில் கியர்பாக்ஸுக்குள் கைவிட்டுக் கொண்டிருந்தார்.

அந்தப் பட்டறை ஹார்ன்சியில் இருந்தது. பெயர் லோட்டஸ், முதலாளி காலின் சாப்மன். ஹில் அங்கே போய்ச் சேர்ந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயம் முடிந்து லண்டன் திரும்பும் சாப்மனின் வண்டியில் ஹில் ஏறிக்கொண்டார். கூட வந்தவரின் ஆள் என்று சாப்மன் நினைக்க, சாப்மனின் ஆள் என்று கூட வந்தவர் நினைக்க, ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் இருவருக்குமே வேண்டியவரல்ல என்று தெரிந்ததாம். எப்படியோ வேலை கிடைத்தது. நாள் கூலி ஒரு பவுண்டு.

அதற்கு முன் ஸ்மித்ஸ் கருவி நிறுவனத்தில் தொழில் பழகியிருந்தார். கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை செய்திருந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது கால் எலும்பு முறிந்து, கால் சற்றே குட்டையாகிவிட்டது. லண்டன் ரோயிங் கிளப்பில் எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில், மற்ற ஏழு பேருக்கும் தாளம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவர். அந்தக் கிளப்பின் கரும் நீலத்தையும் வெள்ளைத் துடுப்பு முனைகளையும்தான் பிறகு ஹெல்மெட்டில் தீட்டிக்கொண்டார். எந்தக் காரில் உட்கார்ந்தாலும் அந்த ஹெல்மெட் மாறவில்லை. கார்கள்தான் மாறிக்கொண்டே இருந்தன.

மெக்கானிக்காக வந்தவரை ஓட்டுநராக்கச் சாப்மனுக்கு மனமில்லை. கேட்டுக் கேட்டுத்தான் இடம் வாங்கினார். 1958 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா ஒன்னுக்கு அறிமுகம். லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் பாதியில் உடையும். இரண்டு ஆண்டுகள் பொறுத்துவிட்டு 1960-இல் பி.ஆர்.எம். அணிக்கு மாறினார். அங்கும் வெற்றி உடனே வரவில்லை. அந்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் கிளம்பும்போதே எஞ்சின் நின்றுபோய்க் கடைசி ஆளாகிவிட்டவர், ஒவ்வொருவராகத் தாண்டி ஜாக் பிராபமையும் முந்தி முதலிடத்துக்கு வந்தார். பிரேக் தளர்ந்து கார் சுழன்று, எல்லாம் போயிற்று.

1962-இல் பி.ஆர்.எம். உரிமையாளர் ஆல்ஃபிரட் ஓவன் கெடு வைத்தார்: இந்த ஆண்டு ஜெயிக்காவிட்டால் அணியை மூடிவிடுவேன் என்று. மே மாதம் ஹாலந்தின் சாண்ட்வோர்ட்டில் ஹில் முதன்முறையாக உலகப் போட்டிப் பந்தயம் ஒன்றை ஜெயித்தார். அப்போது வயது முப்பத்து மூன்று. ஜெர்மனி, இத்தாலி என்று வெற்றிகள் தொடர்ந்தன. டிசம்பர் 29-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் கடைசிப் பந்தயம். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜிம் கிளார்க் அப்படியே முடித்திருந்தால் பட்டம் கிளார்க்குக்கு. அவருடைய லோட்டஸில் ஒரு போல்ட் கழன்று எண்ணெய் ஒழுக, பந்தயமும் பட்டமும் ஹில்லுக்கு வந்தன.

மாஸையும் கிளார்க்கையும் பிறவித் திறமைசாலிகள் என்றும் ஹில்லை உழைத்து முன்னேறியவர் என்றும் எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். ஹில் ஒவ்வொரு தடத்திலும் எந்த ஸ்பிரிங், எந்த கியர், எந்த டயர் அழுத்தம் பொருந்தியது என்று ஒரு கறுப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வார். மெக்கானிக்குகளுக்கு அது தலைவலி. ஆனால் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மொனாக்கோ போன்ற தெருத்தடத்தில் பலன் கிடைத்தது. 1963, 1964, 1965, 1968, 1969 என்று அங்கே ஐந்து வெற்றிகள். 1965-இல் மெதுவாக வந்த ஒரு காரைத் தவிர்க்கப் போய்த் தடத்தை விட்டு விலகினார். இறங்கித் தன் காரைத் தானே தள்ளி, மீண்டும் ஏறி, ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தார். அந்த ஐந்து வெற்றி என்ற கணக்கை 1993-இல்தான் அயர்ட்டன் சென்னா தாண்டினார்.

ஆனால் கிராண்ட் பிரீ என்பது அன்றைய பந்தய ஓட்டுநரின் தொழிலில் ஒரு பகுதிதான். 1962-இல் உலகப் போட்டிக்கான பந்தயங்கள் மொத்தம் ஒன்பது. மீதி வாரங்களில் என்ன செய்வது? அமைப்பாளர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே பேரம் பேசி, கலந்துகொள்வதற்கே தொகை கொடுத்தார்கள். ஓட்டினால் வருமானம், ஓட்டாவிட்டால் இல்லை. ஆகவே புள்ளி கிடைக்காத ஃபார்முலா ஒன் பந்தயம், ஃபார்முலா டூ, ஸ்போர்ட்ஸ் கார், குடும்பங்கள் ஓட்டும் சலூன் கார் என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போனார்கள். ஆஸ்டின் ஏ35 போன்ற சின்னக் கார்களுக்கு வேகம் கூட்டிக் கொடுக்கும் ஸ்பீட்வெல் என்ற நிறுவனத்திலும் ஹில் முன்னணியில் இருந்தார். 1961 ஏப்ரலில், ஜாகுவார் ஈ-டைப் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கிய ஓல்ட்டன் பார்க்கில் அதை ஓட்டி ஜெயித்தவர் அவர்தான். 1963-இல் லெ மானின் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோவர்-பி.ஆர்.எம். காரை ரிச்சி கிந்தருடன் மாறி மாறி ஓட்டினார். அதில் பிஸ்டன் கிடையாது. விமானத்தில் இருப்பது போன்ற கேஸ் டர்பைன். 1965-இல் அதே வகைக் காரில் ஜாக்கி ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து பத்தாவதாக முடித்தார்.

1964-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே அந்தத் தொழிலின் அகலம் தெரியும். மொனாக்கோவிலும் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னிலும் கிராண்ட் பிரீ வெற்றி. ஸ்வீடன்காரர் ஜோ போனியருடன் ஃபெராரியில் ரேம்ஸ் 12 மணி நேரம், பாரிஸ் 1000 கிலோமீட்டர். குட்வுட்டில் டூரிஸ்ட் டிராஃபி. இத்தனைக்கும் நடுவே உலகப் பட்டம் ஒரே புள்ளியில் கைநழுவியது. ஹில் எடுத்த புள்ளிகள் 41, ஜான் சர்ட்டீஸ் எடுத்தவை 40. சிறந்த ஆறு முடிவுகளை மட்டுமே கணக்கில் எடுப்பது விதி; அதன்படி ஹில்லுக்கு 39 ஆனது. பட்டம் சர்ட்டீஸுக்குப் போயிற்று. அந்த சர்ட்டீஸும் மோட்டார் சைக்கிளில் ஏழு உலகப் பட்டங்கள் வாங்கிவிட்டுக் காருக்கு வந்தவர். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் எல்லோரும் தெற்கே போனார்கள்: நியூசிலாந்து கிராண்ட் பிரீயை ஹில் 1965-இலும் 1966-இலும் ஜெயித்தார், ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயை 1966-இல்.

பெரிய பணம் இருந்தது அமெரிக்காவில். 1965-இல் ஜிம் கிளார்க் மொனாக்கோவையே விட்டுவிட்டு இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்குப் போய் ஜெயித்துவந்தார். மறு ஆண்டு ஹில்லுக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. 1966 மே 22-இல் மொனாக்கோவில் மூன்றாவதாக வந்தவர், மே 30-இல் இண்டியானாபோலிஸில் லோலா-ஃபோர்டு காரில் இருந்தார். 33 கார்கள் கிளம்பின; முதல் சுற்று முடிவதற்குள் மோதிக்கொண்டு 11 கார்கள் போயின. பந்தயம் முடியப் பத்துச் சுற்றே இருந்தபோது முன்னால் இருந்த ஸ்டூவர்ட்டின் கார் எண்ணெய் அழுத்தம் இழந்து நின்றது. ஹில் முந்தினார். கிளார்க்தான் ஜெயித்தார் என்று லோட்டஸ் அணி நம்பியது. சுற்றுக் கணக்கில் குழப்பம் என்று பேச்சு எழுந்தது. முடிவு மாறவில்லை. அங்கே முதல் முறை ஓட்டியவர் ஒருவர் ஜெயிப்பது 1927-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பரிசு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பைப்பர் ஆஸ்டெக் விமானம் வாங்கினார். வாரம் ஒரு நாட்டில் வேலை இருப்பவருக்கு அது பயன்படும் வண்டி.

எதையும் ஓட்டுவது என்ற வழக்கத்துக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1968-இல் நான்கு மாதங்களில் நான்கு கிராண்ட் பிரீ ஓட்டுநர்கள் இறந்தார்கள். ஏப்ரலில் கிளார்க், ஹாக்கன்ஹைமில் ஒரு ஃபார்முலா டூ பந்தயத்தில். மே மாதம் மைக் ஸ்பென்ஸ், இண்டியானாபோலிஸ் பயிற்சியில். ஜூனில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி, ஜெர்மனியில் ஒரு மலையேற்றப் பந்தயத்தில். ஜூலையில் ஜோ ஷ்லெஸ்ஸர், ரூவாங்கில். இந்த நால்வரில் கிராண்ட் பிரீயில் உயிர்விட்டவர் ஷ்லெஸ்ஸர் மட்டுமே.

கிளார்க் போனபோது லோட்டஸில் அவருடைய கூட்டாளி ஹில். முந்தைய ஆண்டுதான் பழைய பட்டறைக்குத் திரும்பியிருந்தார். துவண்டு கிடந்த அணிக்கு ஸ்பெயினையும் மொனாக்கோவையும் அடுத்தடுத்து ஜெயித்துக் கொடுத்தார். கூர்ந்து பார்த்தவர்கள் அன்றைக்கே ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: ஸ்பெயினில் ஜெயித்த கார் பிரிட்டனின் வழக்கமான பச்சையில் இல்லை. கோல்டு லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தில் இருந்தது. மெக்சிகோவில் இரண்டாவது உலகப் பட்டம் வந்தது. அமைப்பாளரிடம் பேரம் பேசிப் பிழைத்த தொழில் விளம்பரதாரரின் சம்பளத்துக்கு மாறத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

1969 அக்டோபரில் வாட்கின்ஸ் கிளென்னில் கார் சுழன்று எஞ்சின் நின்றது. மொனாக்கோவில் செய்தது போலவே இறங்கித் தள்ளிக் கிளப்பினார். ஆனால் இப்போது காரில் சீட் பெல்ட் இருந்தது. பிறர் உதவியில்லாமல் அதை மாட்ட முடியவில்லை. டயர் காற்றிழந்து கார் மறுபடி தடம் புரண்டபோது வெளியே தூக்கி எறியப்பட்டார். இரண்டு கால்களும் நொறுங்கின. ஐந்து மாதத்தில், 1970 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ராப் வாக்கரின் லோட்டஸை ஓட்டி ஆறாவது இடத்தில் முடித்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு கிராண்ட் பிரீயும் ஜெயிக்கவில்லை.

நடை கெட்டவர், நாற்பத்து மூன்று வயது. 1972-இல் பிரான்ஸின் மாத்ரா நிறுவனம் லெ மானுக்கு அவரைக் கூப்பிட்டபோது, கூட ஓட்ட வேண்டிய ஆன்ரி பெஸ்கரோலோவுக்கே பிடிக்கவில்லை. வயதானவர், இரவிலும் மழையிலும் துணிந்து ஓட்டுவாரா என்ற சந்தேகம். இரவு வந்தது, மழையும் வந்தது, ஹில் வேகம் குறையவில்லை. 1950-க்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக் கார் லெ மானில் ஜெயித்தது அப்போதுதான். அதே பந்தயத்தில் ஞாயிறு காலை ஜோ போனியர் இறந்துபோனார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ரேம்ஸிலும் பாரிஸிலும் ஹில்லோடு ஸ்டீயரிங்கைப் பங்கிட்டுக்கொண்டவர்.

மொனாக்கோ, இண்டியானாபோலிஸ், லெ மான் மூன்றையும் ஜெயித்தவர் உலகில் ஹில் ஒருவரே. மொனாக்கோவுக்குப் பதில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவோரும் உண்டு. அப்போதும் விடை மாறுவதில்லை.

1973-இல் எம்பஸி சிகரெட் பணத்தில் சொந்த அணி தொடங்கினார். 1975-இல் மொனாக்கோவில் அவரால் தகுதிச் சுற்றையே தாண்ட முடியவில்லை. பதினெட்டுப் பருவங்கள், 176 கிராண்ட் பிரீக்கள், 14 வெற்றிகளோடு ஓட்டுவதை நிறுத்தினார். டோனி பிரைஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞரை முன்னே நிறுத்தி அணியை வளர்க்க எண்ணம். நவம்பர் 29-ஆம் தேதி பிரான்ஸில் காரைச் சோதித்துவிட்டு, அணியினரை ஏற்றிக்கொண்டு அந்த ஆஸ்டெக் விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். லண்டனுக்கு வடக்கே மூடுபனி. ஆர்க்லியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்தது. ஹில், பிரைஸ், கார் வடிவமைப்பாளர் ஆண்டி ஸ்மால்மன் உட்பட ஆறு பேரும் இறந்தார்கள். விமானத்தின் பதிவு காலாவதியாகியிருந்ததால் காப்பீடு செல்லவில்லை. இழப்பீடு கொடுத்ததில் ஹில் குடும்பத்தின் சொத்து கரைந்தது. மகன் டேமன் லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் கூரியர் வேலை பார்த்தபடிதான் பந்தயத்துக்கு வந்தார். அப்பாவின் ஹெல்மெட் நிறங்களோடு ஓட்டி 1996-இல் உலகப் பட்டம் வென்றார். தந்தையும் மகனும் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

டேமன் பெரும்பாலும் ஃபார்முலா ஒன்னிலேயே இருந்துவிட்டார், அவர் தலைமுறையில் பலரும் அப்படித்தான். அணி ஆண்டுச் சம்பளம் கொடுத்தது, ஓட்டுநரை வேறெங்கும் அனுப்பாமல் வைத்துக்கொண்டது. 2024-இல் பருவத்துக்கு 24 கிராண்ட் பிரீக்கள். மொனாக்கோவும் இண்டியானாபோலிஸும் பல ஆண்டுகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொன்டோயா 2000-இல் முதல் முயற்சியிலேயே இண்டியானாபோலிஸை ஜெயித்தார் — ஹில்லுக்குப் பிறகு அப்படிச் செய்த முதல் ஆள். 2003-இல் மொனாக்கோவையும் வென்றார். லெ மான் வெற்றி மட்டும் அவரிடம் இல்லை. மொனாக்கோவும் லெ மானும் கையில் இருக்கும் ஃபெர்னாண்டோ அலான்சோ, 2017-இல் கிளார்க்கைப் போல மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியானாபோலிஸ் போனார். 27 சுற்றுகள் முன்னிலையில் இருந்தவரின் எஞ்சின் கடைசிக் கட்டத்தில் வெடித்தது. 2019-இல் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். 2020-இல் 21-ஆவதாக முடித்தார்.