செய்தவர் நால்வர், எழுதியவர் மூவர்

1955 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வெளியானது. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. வேலையைச் செய்தவர்கள்: ஃபெர்மி, பாஸ்டா, உலாம், சிங்கூ. அறிக்கையை எழுதியவர்கள்: ஃபெர்மி, பாஸ்டா, உலாம். என்ரிக்கோ ஃபெர்மி 1954 நவம்பரிலேயே இறந்துவிட்டார். இறந்தவர் பெயருக்கு இரண்டு பட்டியலிலும் இடம் கிடைத்தது. உயிரோடிருந்த மேரி சிங்கூவுக்கு ஒன்றில் மட்டும்தான்.

முதுகலை இயற்பியலில் இதை ‘எஃப்.பி.யு. சிக்கல்’ என்று மூன்றெழுத்தாகத்தான் நான் படித்தேன். நான்காவதாக ஒரு பெண் இருந்தது பாடத்தில் இல்லை.

அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: திடப்பொருளுக்குள் ஒருவகை அதிர்வாகச் செலுத்தப்பட்ட ஆற்றல் எப்படி எல்லா அதிர்வுகளுக்கும் பரவி வெப்பமாகிறது? பொருளுக்கு மாதிரியாக, சுருள்வில்களால் இணைத்த குண்டுகளின் வரிசையைக் கற்பனை செய்தார்கள். அதிகபட்சம் 64 குண்டுகள். இரண்டு மடங்கு விசைக்குச் சரியாக இரண்டு மடங்கு நீளாமல் சற்றே முரண்டுபிடிக்கும் வில்கள். முழு வரிசையும் வீணைக் கம்பிபோல ஒரே வளைவாக அதிரத் தொடங்கினால், நாளடைவில் அந்த ஆற்றல் எல்லா அதிர்வுகளுக்கும் பகிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள்.

ஒவ்வொரு குண்டும் தன் அண்டை குண்டுகளைப் பொறுத்தே நகரும். ஆயிரக்கணக்கான சிறு சிறு நொடித்துளிகளுக்கு அதைக் கணக்கிட வேண்டும். அங்கேதான் மேரி வருகிறார். 1928இல் மில்வாக்கியில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர், கணிதம் படித்தவர். கொரியப் போருக்கு இளைஞர்கள் போய்விட்ட காலத்தில், 1952இல், லாஸ் அலமாஸில் சேர்ந்தார். முதலில் கையால் இயக்கும் கணக்குப் பொறிகள். பிறகு ‘மேனியாக்’ கணினி. இன்றைய நிரல்மொழிகள் அன்று இல்லை. சமன்பாட்டை இயந்திரம் செய்யக்கூடிய சின்னஞ்சிறு கட்டளைகளாக உடைத்து, இயந்திரத்தின் மொழியிலேயே எழுத வேண்டும். அவர் கைப்பட வரைந்த செயல்வழிப் படம் இன்றும் இருக்கிறது.

விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. ஆற்றல் சில அதிர்வுகளுக்குள் மட்டும் போய்வந்து, ஏறக்குறைய முழுவதுமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. 1965இல் சபுஸ்கியும் குருஸ்கலும் இந்தப் புதிரைத் தொடர்ந்து போய்த்தான் ‘சாலிட்டான்’ என்னும் கலையாத அலைகளைக் கண்டார்கள்.

மேரிக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு: நிரலைத் திறம்பட எழுதி இயக்கியதற்கு நன்றி. 1958இல் திருமணமாகி மேரி மென்சல் ஆனார். 1972இல் ஜேம்ஸ் டக்குடன் இதே சிக்கலை நீண்ட காலத்துக்கு ஓட்டிப் பார்த்து வெளியிட்ட கட்டுரையில் மென்சல் என்றே இருந்தது. பழைய சிங்கூதான் இவர் என்று படித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? 2008இல் தியரி டோசுவா என்ற இயற்பியலாளர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பலர் நான்காவது எழுத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

எழுதியவரே ஆசிரியர் என்பது அன்றைய வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் இந்தச் சோதனைக்கு உலோகத் துண்டோ அளவுகோலோ கிடையாது. நிரல்தான் சோதனைக்கூடம், அதன் ஓட்டம்தான் சோதனை. அதைக் கட்டியவரை ‘உதவியவர்’ என்பது, மூன்று வேளையும் சமைப்பவளைக் கூடமாட ஒத்தாசை செய்கிறாள் என்று சொல்வதுபோல. அறிவியல் வரலாற்றில் பெண்களைத் தேடும்போது நான் இப்போது முதலில் படிப்பது நன்றியுரைகளைத்தான்.