எகிப்தியரின் மணமும் மனையும்

பண்டை எகிப்தின் பண்பாட்டைத் தழுவித் தம் மணவிழாவை அமைக்க விரும்புவோர் இன்று உளர். தாமரை மலர்களால் மண்டபத்தை அணிசெய்வர். மணமகளின் கண்களுக்கு மை தீட்டிக் கழுத்தில் பல வண்ண மணிகளாலான அகன்ற ஆரத்தைப் பூட்டுவர். இவை அந்நாட்டுக் கல்லறை ஓவியங்களில் காணப்படும் விருந்துக் காட்சிகளின் சாயல்களே. ஆயின், அவ்வோவியங்களில் திருமணச் சடங்கைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். உழவு, அறுவடை, வேட்டை, விருந்து, ஈமச் சடங்கு ஆகியவற்றையெல்லாம் சுவரில் தீட்டிய அம்மக்கள் மணவினையைத் தீட்டினாரல்லர். கோயிற் பூசகர் மணம் செய்வித்தமைக்கும், அரசு அதனைப் பதிவு செய்தமைக்கும் சான்று கிடைத்திலது.

அங்ஙனமாயின், மணம் என்பதை அவர்கள் எவ்வாறு உணர்ந்தனர்? அவர்தம் மொழியே இதற்கு விடை கூறுகின்றது. மணம் புரிதலை ‘வீடு நிறுவுதல்’ என்று அவர்கள் வழங்கினர். ஒருத்தி தன் உடைமைகளுடன் ஒருவன் இல்லம் புகுந்து இருவரும் கூடி வாழத் தொடங்கின், ஊரார் அவர்களைக் கணவன் மனைவி என ஏற்றனர். மனையிலிருந்து மனைவி என்னும் சொல்லைப் பெற்ற தமிழர்க்கு இக்கருத்து புதியதன்று.

சடங்கு இல்லை என்பதனால் கட்டுப்பாடு இல்லை என்று கருதுதல் பிழையாகும். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர் தெய்ர் எல்-மதீனா. அங்குக் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளுள் ஒன்று, மூன்றாம் ராம்சேசின் 23-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் மகளைக் கைவிடுவதில்லை என்று மருமகன் ஆணையிட வேண்டும் எனத் தந்தை ஒருவர் ஊர்த் தலைவர்முன் வேண்டினார். மருமகனும் அரசன் பெயரால் ஆணையிட்டான். வாக்குத் தவறின் 100 அடி பெறுவதோடு, அவளுடன் கூடி ஈட்டும் பொருள் முழுவதையும் இழப்பதாக அவன் உறுதி கூறினான்.

மணவாழ்வில் ஈட்டிய பொருளில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குரியது என்பது அவ்வூர் வழக்கு. அவ்வூரில் வாழ்ந்த நௌநக்தே என்னும் மூதாட்டி, ஏறத்தாழ கி.மு. 1145-இல் ஊர் மன்றத்தின்முன் தம் இறுதி விருப்பத்தை அறிவித்தார். அவர் பெற்ற மக்கள் எண்மர். முதுமையில் தம்மைப் பேணாத பிள்ளைகளுக்குத் தம் பங்கிலிருந்து ஒன்றும் சேரலாகாது என்று அவர் விலக்கினார். தந்தையின் சொத்தில் அவர்களுக்கிருந்த உரிமையை அவர் தடுக்கவில்லை. பிறர் பொருள் எது, தம் பொருள் எது என்பதை அம்மூதாட்டி நன்கு அறிந்திருந்தார்.

கி.மு. முதல் ஆயிரமாண்டில் மண ஒப்பந்தங்கள் விரிவாக எழுதப்பட்டன. மனைவி கொண்டுவந்த ஆடை, கண்ணாடி, செப்புக் கலங்கள் முதலியன விலையுடன் பட்டியலிடப்பட்டன. பிரிவு நேரின் அவற்றையோ அவற்றின் விலையையோ திருப்பித் தருவதாகக் கணவன் ஒப்பினான். கி.மு. 332-இல் அலெக்சாந்தர் எகிப்தைக் கைக்கொண்ட பின்னர்க் கிரேக்கர் பலர் அங்குக் குடியேறினர். கிரேக்கச் சட்டப்படி, பெண் ஒருத்தி ஒப்பந்தம் செய்ய ஆடவன் ஒருவன் காப்பாளனாக நிற்றல் வேண்டும். அருகே வாழ்ந்த எகிப்தியப் பெண்ணுக்கோ அத்தகைய தடை இல்லை.

எனினும், எகிப்து பெண்களின் பொன்னுலகம் என்று மிகைபடக் கூறுதல் வரலாறாகாது. எழுத்தரும் அரசு அலுவலரும் பெரும்பாலும் ஆடவரே. மன்னர்கள் மனைவியர் பலரைக் கொண்டிருந்தனர். ஆயினும், மனைவியின் உடைமை மனைவிக்கே உரியது என்னும் அறத்தை அச்சமுதாயம் சட்டமாக்கி வைத்திருந்தது.

ஆதலின், எகிப்தியர் முறையில் மணம் காண விழைவோர் தாமரையோடும் ஆரத்தோடும் அமைதல் போதாது. மணமகளின் பொருள் அவளுக்கே உரியது என்று ஏட்டில் எழுதிச் சான்றோர்முன் கையொப்பமிடுதலும் வேண்டும். அம்மக்கள் தம் மணவாழ்வுக்குக் காவலாகக் கருதியது அவ்வேட்டையே.